1920களின் நேர்கோட்டு கவுன்: பழைய தையல் பேட்டர்ன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முடியைக் குட்டையாக வெட்டி, கார்செட்டைக் கழற்றிப் போட்ட இளம்பெண்களை ‘ஃபிளாப்பர்’ என்றார்கள். தோளிலிருந்து நேராக விழும், இடுப்பைப் பிடிக்காத கவுன் அவர்களுடைய அடையாளம். அதை வீட்டிலேயே தைக்க அன்று கடையில் விற்ற பேப்பர் பேட்டர்ன்கள் அசலாகவும், மறுபதிப்பாகவும், ஸ்கேன் கோப்பாகவும் இன்றும் கிடைக்கின்றன. பிளவுஸ், சுடிதார் தைக்கத் தெரிந்தவர்கள் இதில் கை வைக்கும்போது வரும் கேள்விகளுக்கு இங்கே பதில். அளவுகள் அங்குலத்தில். ‘இடுப்பு’ என்றால் இடை, ‘சீட்’ என்றால் அதற்குக் கீழே உடம்பு மிக அகலமாக இருக்கும் இடம். இந்தக் கவுனில் இரண்டையும் குழப்பிக்கொண்டால் எல்லாமே தப்பிப்போகும்.

நேரே நாலு தையல்தானே, இதற்குப் பேட்டர்ன் எதற்கு?

வெட்டிய துணியைத் தரையில் விரித்துப் பார்த்தால் நைட்டிக்கும் 1926ஆம் வருடத்துக் கவுனுக்கும் வித்தியாசம் தெரியாது. போட்டுப் பார்த்தால்தான் தெரியும். வித்தியாசம் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று தோள்: கைத்தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். முக்கால் அங்குலம் வெளியே வழிந்தாலே நைட்டி. இரண்டு சீட்: துணி அங்கே உடம்பைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். சுற்றளவுக்கு மேல் 4 அங்குலம் லூஸ் போதும். 8 விட்டால் நைட்டி. மூன்று துணி: தன் கனத்தில் தானே கீழே விழ வேண்டும்.

பேட்டர்ன் முதல் இரண்டைத்தான் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது ஜவுளிக்கடையில் உங்கள் கையில். இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான கோளாறுகள் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும்.

‘1920கள்’ என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எந்த வருடத்து மாதிரியை எடுப்பது?

பத்து வருடமும் ஒரே கவுன் இல்லை. 1920, 21இல் இடைக்கோடு கொஞ்சம்தான் இறங்கியிருக்கும், நீளம் கெண்டைக்காலின் பாதி. 1922, 23இல் விளிம்பு மறுபடி கணுக்காலை நோக்கி இறங்கியது, இடைக்கோடு சீட்டுக்கு வந்தது. 1925இல் ஏறத் தொடங்கி 1926, 27இல் முழங்காலை ஒட்டி நின்றது. சினிமாவில் பார்த்து நாம் ‘ஃபிளாப்பர்’ என்று மனத்தில் வைத்திருப்பது இந்த இரண்டு மூன்று வருடத்து உடையைத்தான். 1928இல் முன்னே குட்டை பின்னே நீளம், கைக்குட்டை முனைகள் போலத் தொங்கும் விளிம்பு என்று மேடுபள்ளம் வந்தது. 1929இல் பாரிஸில் ழான் பட்டூ போன்ற ஆடை வடிவமைப்பாளர்கள் விளிம்பை இறக்கி, இடையை அதன் பழைய இடத்துக்கே கொண்டுபோனார்கள்.

முதல் முறை தைப்பவர்கள் 1925, 26ஐ எடுப்பது நல்லது. துண்டுகள் குறைவு. 1928, 29 பேட்டர்ன்களில் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய முக்கோணச் செருகல்கள், கோணல்மாணலான இணைப்புகள் நிறைய. பார்க்க அழகு, தைக்கப் பொறுமை வேண்டும்.

நேர்க்கோடு உங்களுக்குப் பிடிக்கவே இல்லையென்றால், அதே காலத்தில் ழான் லான்வென் என்ற வடிவமைப்பாளர் புகழ்பெறச் செய்த ‘ரோப் த ஸ்டீல்’ என்ற வகை இருக்கிறது: இறங்கிய இடை, இரண்டு பக்கமும் உப்பிய பாவாடை. இதுவும் அசல் 1920கள்தான்.

எந்தக் கம்பெனிப் பேட்டர்ன்கள்? என்ன வித்தியாசம்?

பட்டரிக் மூத்தது. எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சைஸ் வாரியான பேப்பர் பேட்டர்ன்களைத் தொடங்கினார். மெக்கால் 1870இல் நியூயார்க்கில் தொடங்கியது. பிக்டோரியல் ரிவ்யூ, வோக் ஆகியவையும் 1920களில் பரவலாக விற்றன. சிம்ப்ளிசிட்டி 1927இல்தான் வந்தது, விலை மலிவு. பிரிட்டனில் வெல்டன்ஸ்.

தைப்பவருக்கு முக்கியமான வித்தியாசம் அச்சில் இருக்கிறது. மெக்கால் 1920களின் தொடக்கத்திலேயே கோடும் எழுத்தும் அச்சடித்த பேட்டர்ன்களைக் கொண்டுவந்துவிட்டது. மற்றவை பெரும்பாலும் வெறும் டிஷ்யூ காகிதம், ஓட்டை மட்டும். பட்டரிக் உறைக்குள் ‘டெல்டார்’ என்ற தனி வழிகாட்டித் தாள் இருக்கும். துணியை எப்படிப் போடுவது, எந்த வரிசையில் தைப்பது என்று படத்தோடு சொல்வது அது. வாங்கும்போது டெல்டார் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத பட்டரிக், சமையல் குறிப்பில்லாத மளிகை லிஸ்ட் மாதிரி.

காகிதத்தில் ஓர் எழுத்துகூட இல்லை, ஓட்டைகள்தான் இருக்கின்றன. எப்படிப் படிப்பது?

ஓட்டைகள்தான் எழுத்து. அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் உறையின் பின்பக்க விளக்கத்தை முதலில் பாருங்கள். பொதுவாக:

ஒரே நேர்க்கோட்டில் இடைவெளி விட்டு வரும் பெரிய ஓட்டைகள் இழைக்கோடு. அவை துணியின் கரைக்கு இணையாக வர வேண்டும். ஓரத்தை ஒட்டி மூன்று ஓட்டைகள் கூட்டமாக இருந்தால் அந்த ஓரம் துணியின் மடிப்பில் வைக்க வேண்டியது என்று பல கம்பெனிகளில் பொருள். சிறிய ஓட்டைகள் டார்ட், டக், சுருக்கம் தொடங்கும் முடியும் புள்ளிகள். ஓரத்தில் வெட்டிய சின்ன வி, துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடம். துண்டின் பெயரும் ஓட்டையிலேயே ஓர் எழுத்தாகக் குத்தப்பட்டிருக்கும்.

முதல் வேலை, துண்டுகளை எண்ணி உறையில் உள்ள சிறிய படத்தோடு ஒப்பிடுவது. காணாமல் போவது பெரும்பாலும் பெல்ட், காலர், கழுத்துப் பட்டி. இவற்றை நீங்களே வரைந்துகொள்ளலாம். கை காணோம் என்றால் ஆம்ஹோலை அளந்து வரையலாம். முன்பாகம் காணோம் என்றால் வாங்காதீர்கள்.

தையலுக்கு எவ்வளவு துணி சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்கப் பேட்டர்ன்களில் 3/8 அங்குலம் சாதாரணம். ஐரோப்பியப் பத்திரிகைகளோடு வந்த தாள்களில் சுத்தமாக இருக்காது. நாம் இப்போது பழகியிருக்கும் 5/8 என்று நினைத்துத் தைத்தால், ஒரு தையலுக்கு அரை அங்குலம் வீதம் கவுன் இறுகிவிடும்.

உறையில் காப்புரிமைத் தேதி 1899 என்று இருக்கிறது. அப்படியானால் 1899 கவுனா?

இல்லை. அது பேட்டர்ன் செய்யும் முறைக்கோ உறைக்கோ வாங்கிய காப்புரிமை. கவுனின் வயதை உறைப் படத்தின் விளிம்பு நீளமும் இடைக்கோடும்தான் சொல்லும். பேட்டர்ன் எண்ணை அந்தக் கால ஃபேஷன் பத்திரிகைகளின் ஸ்கேன்களில் தேடிப் பிடித்தால் மாதம் வரை தெரிந்துவிடும்.

சைஸ் 36 என்றால் இன்றைய எந்த சைஸ்? ‘16 வயது’ என்று போட்டிருப்பது குழந்தை உடையா?

36 என்பது மார்புச் சுற்று, அவ்வளவுதான். இன்றைய ரெடிமேட் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். 14, 16, 18, 20 என்று வயது போட்டவை ‘மிஸ்ஸஸ்’ அளவு: இளம்பெண்களுக்கு, உயரம் சற்றுக் குறைவு. 16 என்பது பெரும்பாலும் மார்பு 34க்குச் சமம். ஓர் உறைக்குள் ஒரே சைஸ்தான் இருக்கும்.

ஆனால் மார்பளவை வைத்து வாங்குவது இந்தக் கவுனுக்குச் சரிப்படாது. பிடிப்பதும் பிடிக்காததும் சீட்டில்தான். மார்பும் சீட்டும் இரண்டு சைஸில் விழுந்தால் சீட்டுக்குப் பொருந்துவதை எடுத்து, தோளைக் குறையுங்கள்.

என் சீட் 42. கையில் இருக்கும் பேட்டர்ன் தைத்து முடிந்தால் 40தான் வருகிறது. பக்கத் தையலில் கூட்டினால் போதுமா?

போதாது. அங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். 42க்கு 4 லூஸ் சேர்த்து 46 வேண்டும். 6 அங்குலம் குறைகிறது, கால்பாகத்துக்கு ஒன்றரை. அதை முழுக்கப் பக்கத்தில் சேர்த்தால் அக்குளுக்குக் கீழே துணி பை போலத் தொங்கும், முன்பக்கத்தின் நேர்க்கோடு போய்விடும்.

பக்கத்தில் அரை அங்குலம் மட்டும் கூட்டுங்கள். மீதி ஓர் அங்குலத்துக்கு, தோளின் நடுவிலிருந்து விளிம்பு வரை பேப்பரை நேராக வெட்டி, இரண்டு பாதியையும் ஓர் அங்குலம் விலக்கி, நடுவே வேறு காகிதம் ஒட்டுங்கள். இப்போது தோளும் ஓர் அங்குலம் கூடிவிட்டது. அதை அப்படியே விட்டால் மறுபடி நைட்டி. முன்தோளில் அந்த ஓர் அங்குலத்தை நாலு சின்ன டக்காகவோ சுருக்கமாகவோ பிடித்துவிடுங்கள். டக் இரண்டு அங்குல நீளம் வந்து அவிழ்ந்தால், அவிழ்ந்த துணி மார்புக்கு இடம் கொடுக்கும். இது ஒட்டுப்போடும் வேலை இல்லை, 1920களின் அசல் பேட்டர்ன்களிலேயே தோள் சுருக்கம் இதற்காகத்தான் இருக்கிறது. பின்தோளில் அதே அளவை ஒரு சின்ன டார்ட்டாக மடக்குங்கள்.

பிறகு காடாத் துணியில் ஒரு முறை தைத்துப் பாருங்கள். கையும் காலரும் வேண்டாம், உடம்புப் பாகம் மட்டும் போதும். காடா விறைப்பாக நிற்கும். அதனால் விழும் அழகைப் பார்க்காதீர்கள், அளவை மட்டும் பாருங்கள்.

முன்பக்கம் விளிம்பு தூக்கிக்கொண்டு, பக்கத் தையல் கீழே போகப்போக முன்னால் இழுக்கிறது. ஏன்?

மார்பு எடுத்துக்கொண்ட நீளம் அது. தட்டையான மார்பு அன்றைய ஃபேஷன். உள்ளே பாண்டோ என்ற பட்டையைக் கட்டி அமுக்கியும் வைத்தார்கள். இன்றைய உள்ளாடையோடு அதே பேட்டர்னைப் போட்டால் முன்பக்க நீளம் குறைந்துபோகும்.

முன்பாகத்தை அக்குளுக்குக் கீழே குறுக்கே வெட்டி ஓர் அங்குலம் இறக்குங்கள், மார்பு பெரிதென்றால் ஒன்றரை. இப்போது முன்பக்கத் தையல் பின்பக்கத்தைவிட அவ்வளவு நீளமாக இருக்கும். அதைப் பக்கத் தையலில் ஒரு டார்ட்டாகப் பிடியுங்கள், மார்பு முனைக்கு ஒன்றரை அங்குலம் முன்பே நிறுத்துங்கள். உறைப் படத்தில் டார்ட் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். படம் வரைந்தவர்கள் அதைப் பெரும்பாலும் வரையவில்லை, உள்ளே காகிதத்தில் ஓட்டை இருக்கும்.

எந்தத் துணி எடுப்பது?

அன்று பயன்பட்டவை: கிரேப் டி ஷீன், ஜார்ஜெட், சாட்டின் முதுகு கொண்ட கிரேப், பருத்தி வாயில், பகல் உடைக்குக் கம்பளி ஜெர்சி, செயற்கைப் பட்டு. இந்தச் செயற்கைப் பட்டுக்குத்தான் 1924இல் அமெரிக்காவில் ‘ரேயான்’ என்று பெயர் வைத்தார்கள்.

இன்று நம் கடையில் விஸ்கோஸ் கிரேப், நல்ல கனமுள்ள ரேயான், மெல்லிய வாயில் சரியாக வரும். பாப்ளின், ஆர்கண்டி, சில்க் காட்டன், காஞ்சிப் பட்டு வேண்டாம். எல்லாம் நல்ல துணிதான், ஆனால் தானாக நிற்பவை. கடையிலேயே சோதிக்கலாம்: தானின் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்து ஒரு மீட்டர் தொங்க விடுங்கள். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறு போல விழுந்தால் எடுக்கலாம். கூம்பாக விரிந்து நின்றால் வேண்டாம்.

கஞ்சி போட்ட துணி இந்தச் சோதனையில் ஏமாற்றும். ரேயான் தண்ணீர் பட்டதும் நன்றாகவே சுருங்கும். எதுவானாலும் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள்.

உறையில் ‘36 அங்குல அகலத்தில் மூன்றரை கெஜம்’ என்று இருக்கிறது. நம் துணிக்கு எவ்வளவு?

ஒரு கெஜம் 36 அங்குலம், அதாவது 91.4 சென்டிமீட்டர். மூன்றரை கெஜம் 3.2 மீட்டர். அகலம் கூடினால் நீளம் குறையும் என்று வகுத்தல் போடாதீர்கள், இந்தக் கவுனுக்கு அது பொய்க்கும். சீட் 42 முடிவாக வரும் கவுனில் முன்பாகமும் பின்பாகமும் தையலோடு தலா 22 அங்குலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 44. நம் 44 அங்குலத் துணியில் கரை போனால் 43கூட மிஞ்சாது. ஆக, ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வைக்க முடியும், 36க்குச் சொன்ன நீளத்தில் கை, காலர் அளவுதான் மிச்சம். 58 அங்குலத் துணி என்றால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கும், நீளம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தரையில் 58 அகலத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, பேப்பர் துண்டுகளை அடுக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பேட்டர்னே இல்லாமல் அளவை வைத்து வெட்டிய கவுன் ஒன்று உண்டாமே?

உண்டு. ‘ஒன் அவர் டிரஸ்’ என்று பெயர். பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகரில் அஞ்சல்வழித் தையல் கற்பித்த உமன்ஸ் இன்ஸ்டிடியூட் 1924இல் இதற்கென்றே ஒரு சிறு கையேடு வெளியிட்டது. எழுதியவர் அந்த நிறுவனத்தின் மேரி ப்ரூக்ஸ் பிக்கன். ஒரு மணி நேரக் கணக்கு கை பழகியவர்களுக்கு. முதல் முறை ஒரு முழுநாள் ஒதுக்குங்கள்.

அந்த வழியில் ஒரு கணக்கு இதோ. மார்பு 34, சீட் 38, தோளிலிருந்து விளிம்பு வரை நீளம் 40, விளிம்பு மடிப்பு 3. துணி 36 அகலம், 86 அங்குல நீளம். சுருக்கத்துக்கும் சேர்த்து இரண்டரை மீட்டர் வாங்குங்கள். 44 அகலமானால் ஓர் ஓரத்தில் 8 அங்குலத்தை நீளவாக்கில் எடுத்துவிடுங்கள், பெல்ட்டுக்கு ஆகும்.

துணியைக் கரையோடு கரை சேர்த்து நீளவாக்கில் மடியுங்கள். பிறகு குறுக்கே பாதியாக மடியுங்கள். 18க்கு 43 அளவில் நாலு மடிப்பு கிடைக்கும். இரண்டு மடிப்பும் சந்திக்கும் மூலைதான் கழுத்தின் நடு. மேலே உள்ள குறுக்கு மடிப்பு தோள்.

உடம்பு அகலம்: சீட் 38, லூஸ் 4, மொத்தம் 42. நாலால் வகுத்தால் பத்தரை, தையலுக்கு அரை, ஆக 11. நடு மடிப்பிலிருந்து 11 அங்குலத்தில் மேலிருந்து கீழே ஒரு நேர்க்கோடு போடுங்கள். கை: கரையில் தோள் மடிப்பிலிருந்து 7 அங்குலம் கீழே ஒரு புள்ளி, 11 கோட்டில் 9 அங்குலம் கீழே ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்து, அக்குளில் வளைவாக்குங்கள். சீட் கோடு: தோளிலிருந்து 22 அங்குலம் கீழே. அங்கிருந்து கரை வரை குறுக்கே வெட்டினால் அக்குளுக்குக் கீழே நாலு துண்டு தனியே வரும். எறியாதீர்கள், கழுத்துக்கான கிராஸ் பட்டி அதிலிருந்துதான்.

இனி இந்தக் கவுனின் உயிரான இடம். அதே 22 அங்குலக் கோட்டில், 11இலிருந்து உள்நோக்கி 4 அங்குலம் வெட்ட வேண்டும், அதாவது நடு மடிப்பிலிருந்து 7 அங்குலத்தில் நிறுத்த வேண்டும். மேலே உடம்பின் ஓரம் 4 அங்குலம், கீழே பாவாடையின் ஓரம் 7இலிருந்து 18 வரை 11 அங்குலம். பக்கத் தையலுக்கு அரை அரை கழித்தால் மூன்றரைக்குள் பத்தரை அடங்க வேண்டும். சரியாக மூன்று மடங்கு. வெளியே அரை அங்குலம், உள்ளே ஓர் அங்குலம் என்று ஏழு பிளீட் வைத்தால் கணக்கு இம்மி பிசகாது. ஜார்ஜெட்டில் பிளீட் நிற்காது, இரண்டு வரி பெரிய தையல் ஓட்டிச் சுருக்குங்கள்.

வெட்டு முடியும் அந்த 7 அங்குலப் புள்ளிதான் கிழியும் இடம். அங்கே தையலுக்குத் துணியே கிடையாது. ஆகவே வெட்டும் முன் உள்பக்கம் ஓர் அங்குலச் சதுரத்தில் லைனிங் துண்டு வைத்து, மெஷினில் தையல் நீளத்தை ஒன்றரை மில்லிமீட்டராகக் குறைத்து, கோட்டுக்கு 3/8 மேலிருந்து தொடங்கி, புள்ளியில் ஒரு தையல் குறுக்கே போட்டு, 3/8 கீழே வந்து முடிவதாக, படுத்த வி போல அடியுங்கள். அதற்குப் பிறகே கத்தரி. புள்ளிக்கு ஓர் இழை முன்னால் நிறுத்துங்கள். நாலு இடத்திலும் தனித்தனியாகச் செய்ய வேண்டிய வேலை இது, நாலு மடிப்பையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் ஏதாவது ஒன்று பிசகும்.

பிளீட்டைப் பிடித்து உடம்போடு சேர்த்த பின், கை ஓரத்தில் தொடங்கி அக்குள் வழியாக விளிம்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். அக்குள் வளைவில் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு கொடுங்கள். கொடுக்காவிட்டால் கையைத் தூக்கும்போது இழுக்கும், கொஞ்ச நாளில் பிரியும்.

கழுத்து கடைசிக்கு முன்னால். பின்னே முக்கால் அங்குலம் ஆழம், முன்னே 6 அங்குல வி, மொத்த அகலம் 9. சுற்றிலும் ஏறக்குறைய 24 வரும். தலைச் சுற்று 22 என்றால் 23க்குக் கீழே போகக் கூடாது, பொத்தான் எதுவும் இல்லாமல் தலைவழியே போடும் கவுன் இது. முன்னும் பின்னும் ஒரே ஆழத்தில் வெட்டினால் முன்கழுத்து தொண்டையை அழுத்தும், கவுன் பின்னால் சரியும். சேர்ப்புத் தையலில் பக்கவாட்டு நீளம் முக்கால் அங்குலம் வரை போயிருக்கும் என்பதால் விளிம்பு பக்கங்களில் ஏறி நிற்கும். கவுனைப் போட்டு நின்று, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் ஒரே உயரத்தில் குறித்த பிறகே மடியுங்கள்.

ஜிப் எங்கே வைப்பது?

வைக்க வேண்டாம். கவுன்களில் ஜிப் பரவியது 1930களில். இடது பக்கத் தையலில் அக்குளுக்குக் கீழே 7, 8 அங்குலம் திறந்து விட்டு, டிச் பட்டன் வைப்பதுதான் அன்றைய வழக்கம்.

ஜார்ஜெட் வெட்டும்போது நழுவுகிறது. விளிம்புக்குப் பழைய கவுன்களில் உள்ள ‘பிகோ’ என்பது நம் சேலைப் பிகோதானா?

பெயர் ஒன்று, வேலை வேறு. சேலைக்கு ஃபால்ஸோடு நாம் அடிக்கக் கொடுக்கும் பிகோ, ஓரத்தைச் சுருட்டி அடிக்கும் நெருக்கமான ஜிக்ஜாக். 1920களில் தனி மெஷினில் துணியின் நடுவே ஏணி போல வரிசையாக ஓட்டை விழும்படி தைத்து, அந்த ஓட்டை வரிசையின் நடுவே கத்தரியால் வெட்டுவார்கள். ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பல்லாக நிற்கும். அதுதான் அசல் பிகோ. அந்த மெஷின் கிடைக்காத இடத்தில் நம் சேலைப் பிகோவை மெல்லிய நூலில் அடித்தால் தூரத்துக்கு வித்தியாசம் தெரியாது.

நழுவலுக்கு: துணிக்கு அடியில் மெல்லிய காகிதம் விரித்து, இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தி, ஒற்றை மடிப்பில், காகிதத்தோடு வெட்டுங்கள். ஊசி 9 அல்லது 11, தையல் 2 மில்லிமீட்டர். தையல் ஓரம் வெளியே தெரியும் துணி இது. உள்பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து 1/8 அங்குலத்தில் முதல் தையல் போட்டு, திருப்பி 1/4இல் இரண்டாவது போட்டால் பிசிறு உள்ளே அடங்கிவிடும். பேட்டர்னில் இருக்கும் 3/8 இதற்குச் சரியாகப் போதும்.

மணி வைக்கலாமா? ஃபிரிஞ்ச்?

ஃபிரிஞ்ச் இருந்தது, ஆனால் பார்ட்டிக் கடையில் தொங்குவது போல அடுக்கடுக்காகப் பாலியெஸ்டர் குஞ்சம் இல்லை. மாலை உடைகளில் மணி வேலைதான் அதிகம். அதற்கு நமக்குத் தனியாகக் கற்க வேண்டியதில்லை, ஆரி தெரிந்தால் போதும். பிரான்சில் லூனெவில் ஊரின் பெயரால் வழங்கும் கொக்கி ஊசி வேலை ஆரியின் உறவுதான். கொக்கியால் சங்கிலித் தையல் போடும் அந்த முறையே 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. அவர்கள் துணியின் உள்பக்கத்தை மேலே வைத்து, மணி கோத்த நூலை அடியில் பிடித்துத் தைப்பார்கள், மணி அடியில் விழும். வேகம் அதிகம். ஆனால் நூல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையே உருவிக்கொண்டு வந்துவிடும், ஒவ்வொரு பூவுக்கும் தனியாக முடிச்சுப் போடுங்கள்.

வெட்டும் முன்பே வேலையை முடித்துவிட வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கவுனின் வெளிக்கோட்டை வரைந்து, தையல் கோட்டுக்கு அரை அங்குலம் உள்ளேயே மணியை நிறுத்துங்கள். சட்டத்திலிருந்து அவிழ்த்ததும் துணி கொஞ்சம் சுருங்கும், பேட்டர்னை மறுபடி வைத்துப் பார்த்து வெட்டுங்கள். முடிந்த கவுனை ஹேங்கரில் மாட்டாதீர்கள், மணியின் கனம் தோளைக் கிழித்துவிடும். மடித்துக் கிடத்தி வையுங்கள்.

முக்கோணச் செருகல் வைத்த பாவாடை இரண்டு நாளில் கோணலாகிவிட்டது.

கிராஸாக வெட்டிய துணி தன் கனத்தில் நீண்டுவிட்டது. விளிம்பு மடிக்கும் முன் கவுனை இரண்டு இரவு தொங்க விடுங்கள். நீள வேண்டியது நீண்ட பிறகு சமப்படுத்தி மடியுங்கள்.

அசல் காகிதத்தை எப்படிப் பாதுகாப்பது?

அதை வைத்து வெட்டாதீர்கள், குண்டூசி குத்தாதீர்கள். சுருக்கத்தை ஆவியில்லாமல், மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டு எடுத்து, மேலே பட்டர் பேப்பர் வைத்து ஓட்டைகள் உட்பட எல்லாவற்றையும் படியெடுங்கள். கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாகிக் காகிதத்தையே தின்றுவிடும். அமிலமில்லாத டிஷ்யூவும் மாவுப் பசையும் போதும். மாவுப் பசையையும் பழைய காகிதத்தையும் விரும்பித் தின்ன இராமபாணப் பூச்சி வரும் என்பதால், நன்றாகக் காய்ந்த பிறகு மூடியுள்ள பெட்டியில், ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள். பாச்சை உருண்டை காகிதத்தைத் தொடாமல் இருக்கட்டும்.

பழைய பேட்டர்னைப் படியெடுத்து விற்கலாமா?

அமெரிக்காவில் 1929 முடிய வெளியானவற்றின் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அங்கே வெளியீட்டிலிருந்து 95 வருடக் கணக்கு. மற்ற நாடுகளில் ஆசிரியர் இறந்த வருடத்தை வைத்துக் கணக்கிடுவார்கள், அது வேறு. ஆனால் இன்று ஒருவர் புதிதாகச் சைஸ் பெருக்கி, புதுக் குறிப்பு எழுதி விற்கும் மறுபதிப்பு அவருடையது. அதை வாங்கி ஸ்கேன் செய்து விற்பது திருட்டு. பதிப்புரிமை முடிந்த அசல் உறையிலிருந்து நீங்களே படியெடுத்ததைத் தாராளமாக விற்கலாம். விற்கும் தாளில் தையலுக்கு எவ்வளவு சேர்த்திருக்கிறது என்பதையும், தைத்து முடித்தால் சீட் சுற்று எவ்வளவு வரும் என்பதையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.